அப்பத்தா, ஆயா, அம்மாச்சி: மனத்தை விட்டு நீங்காத ஒரு நிகழ்ச்சி

கண்டனூர்ப் பேரன்:

உங்கள் பாட்டியைப் பற்றி மனத்தை விட்டு நீங்காத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள், நானே தொடங்குகிறேன். 2009ஆம் ஆண்டு எங்கள் வளவு வீட்டின், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான செட்டிநாட்டு வீட்டின், ஓடுகளை மாற்றப் பணம் தேவைப்பட்டபோது, இரண்டாம் கட்டில் (வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியில்) உள்ள சாமான் அறையில் கிடந்தவற்றை விற்றுவிடலாம் என்று ஆறு பங்காளிகளும் ஒத்துக்கொண்டு வேலையை என்னிடம் விட்டார்கள். அப்பத்தா கல்யாணத்தின்போது கொண்டுவந்த சாமான்களும் அவற்றில் இருந்தன. அவருடைய அப்பச்சியின், அதாவது தந்தையின், பெயரெழுத்து ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருந்ததால், தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. சீப்புச் சீடையைப் போட்டு வைத்து எங்களுக்கு எண்ணி எண்ணிக் கொடுப்பாரே, அந்தப் பெரிய பித்தளைச் சம்புடத்தையும் வண்டியில் ஏற்றி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

மாலையில் அப்பத்தா, "சம்புடத்தையுமா குடுத்துட்டே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கட்டிலுக்குப் பக்கத்தில் மாத்திரைகளையும் மூக்குக் கண்ணாடியையும் வைத்துக்கொள்வதற்காக அவர் மல்லாத்திப் போட்டிருந்தது அந்தச் சம்புடத்தின் மூடிதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாத்திரைகளை மடியில் கொட்டிக்கொண்டு, மூடியை முந்தானையால் ஒருமுறை துடைத்து என்னிடம் நீட்டினார். "மூடியில்லாத சாமான வச்சுக்கிட்டு அவுக என்னப்பா பண்ணுவாக? இதையுங் கொண்டுபோயிக் குடுத்துரு." அதன்பின் இரண்டு ஆண்டுகள் இருந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி விற்றது தவறு என்பதே என் கருத்து. ஓடு மாற்ற வேறு வழியா இல்லை? என் ஆயாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைசியாக அவர் இருந்த பிள்ளையார் நோன்பன்று, மூத்தவர் என்ற முறையில் எங்கள் வீட்டில் அவரே எல்லாருக்கும் இழை, அதாவது எரியும் நூல்திரியோடு வாயில் போட்டுக்கொள்ளும் மாவு, எடுத்துக் கொடுத்தார். அதற்குள் என் பெயர்கூட அவருக்கு மறந்துபோயிருந்தது. ஆனால் 21 இழைத் திரி எரிந்துகொண்டிருந்த மாவைக் கண்டு என் மகன் பின்வாங்கியபோது, "வாய மூடுனா அணைஞ்சிரும், பயப்படாதே" என்றார். ஏழு வயதில் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள்.

சாமான் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. புளி போட்டுத் தேய்த்த பித்தளையை ஈரம் போக வெயிலில் காயவைக்காமல் அடுக்கினால் பச்சை பூத்துவிடும். சமைப்பதற்கு எடுக்கும் பித்தளைக்கு ஈயம் பூசியிருக்க வேண்டும். ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பது உடம்புக்கு ஆகாது. எனாமல் சாமான்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைக்காதீர்கள், சில்லு பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். இடையில் பழைய வேட்டித் துணியை மடித்து வைக்க வேண்டும். மரப்பெட்டிகளைத் தரையோடு வைத்தால் கறையான் வரும், நான்கு மூலைக்கும் கல் கொடுங்கள். எந்தச் சாமான் எந்த ஆச்சி கொண்டுவந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி, அதைப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே வைத்திருங்கள்.

பள்ளத்தூர்:

ஆச்சி, அவர் கேட்டது ஈயம் பூசும் முறையை அல்ல. ஒழுகுகிற வீட்டில் இருந்து பார்த்தால்தான் ஓட்டின் விலை தெரியும்.

1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, அங்கே எங்கள் கடையில் மூன்றாண்டுக் கணக்கில் (மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் வேலை முறையில்) இருந்தார். கப்பல் கிடைக்காமல் நடந்தே திரும்பியவர்களில் அவரும் ஒருவர். பல மாதங்கள் கடிதம் இல்லை. ஓர் இரவு முகப்பில் அவருடைய குரல் கேட்டபோது அப்பத்தா மூன்றாம் கட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தாராம்; ஓடி வரவில்லை. இன்னும் அரைப்படி அரிசியை அளந்து களைந்து உலையில் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார். கல்லூரி நாட்களில் இதைக் கேட்டுவிட்டு, உங்களுக்கு மகிழ்ச்சியாக இல்லையா என்று நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். "நடந்து வந்த மனுசருக்கு முன்னால நின்னு அழுதா வயிறு நிறையுமா?" என்றார். அந்தச் சிரிப்பை நான் சிரித்திருக்க வேண்டாம்.

கானாடுகாத்தான் பேத்தி:

எல்லாரும் முகப்பிலிருந்தும் வளவிலிருந்தும் பேசுகிறீர்கள். என் அம்மாச்சி அப்படிப்பட்ட வீடு ஒன்றில் 31 ஆண்டுகள் அடுப்படியில் இருந்தவர். ஒரு உழக்குப் பச்சரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளந்து, மாவை வெண்ணெயாக ஆட்டி, ஓரம்கூடச் சிவக்காமல் அவர் எடுத்த வெள்ளைப் பணியாரத்தை அந்த வீட்டு ஆச்சியின் கைப்பக்குவம் என்றே விருந்தாளிகள் புகழ்ந்தார்கள். ஆச்சி நல்லவர்தான், மறுத்ததில்லை, திருத்தியதும் இல்லை.

இப்போது அந்த வீட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். என் தங்கை கல்யாணத்துக்கு அதையே பிடித்தோம், பிடிவாதமாக நான்தான் பிடித்தேன். பட்டுச் சேலை கட்டிய அம்மாச்சியைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றபோது, முகப்புப் படியில் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்று, "கொல்லப் பக்கம் தொறந்திருக்காத்தா?" என்று கேட்டார். நாம் வாடகை கொடுத்திருக்கிறோம் என்று காதில் சொன்னேன். பூக்கல் தரையில் செருப்பில்லாத காலை ஊன்றவே தயங்கித் தயங்கி, சுவரோரமாகவே நடந்து, நேரே அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். தாலி கட்டும்போதுகூட வரவில்லை. அவரை அங்கே அழைத்துப் போனது யாருக்காக என்று இன்றும் யோசிக்கிறேன்.

கண்டனூர்ப் பேரன்:

மூடி என்னவாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். மறுநாளே கொண்டுபோனேன். கடைக்காரர் சம்புடத்தின் மேல் அதை வைத்து அரைச் சுற்றுச் சுற்றியதும் சத்தமில்லாமல் படிந்தது. பிறகு மூடியை மட்டும் தனியே எடுத்து எடை போட்டு 110 ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.