மஸ்டாங் பேஸ்: ஈ கம்பி செத்துக் கேட்குது, வித்துப்போட்டு நீளமானது வாங்கவோ?

உப்புவெளித் தம்பி:
வணக்கம் அண்ணாமார். மாமா கனடாவிலை இருந்து வரேக்க ஒரு ஃபெண்டர் மஸ்டாங் பேஸ் கிற்றார் கொண்டுவந்து தந்தவர். ஜப்பானிலை செய்தது, 30 அங்குல ஸ்கேல் (கம்பி அதிருற நீளம்). கம்பி உடம்புக்குப் பின்னாலை இருந்து ஓட்டைக்குள்ளாலை வருது. ஒரு கடையிலை குடுத்துக் கம்பி மாத்தின பிறகுதான் கரைச்சல். ஈ கம்பி, ஆகத் தடிச்சது, "தொப்" எண்டு விழுது, நாதம் நிக்குதில்லை. டியூனும் நிக்குதில்லை. 12ஆவது பிரெற்றிலை (நெக்கிலை குறுக்கை இருக்கிற உலோகப் பட்டி) அமத்தினா சுருதி கூடக் காட்டுது. முதல் மூண்டு நாலு பிரெற்றிலை கறகறப்பு வேறை. சின்னக் கிற்றார் அம்ப் ஒண்டிலைதான் போட்டு வாசிக்கிறன்.

குழுவிலை எல்லாரும் "அது சின்னப்பிள்ளையள் பழகிற சாமான், 34 அங்குலம் ஒண்டு வாங்கு" எண்டினம். ஆவணியிலை ஒரு கலியாண வரவேற்பு இருக்கு. எனக்கு விக்க மனமில்லை, கை வடிவாப் போகுது. என்ன செய்யலாம்?

திருக்கடலூர் ட்ரம்ஸ்:
வித்துப்போடுங்கோ தம்பி. குட்டை ஸ்கேலிலை கம்பி தளர்வாத்தான் கிடக்கும். அது அதின்ர பிறவிக்குணம், திருத்த ஏலாது.

உவர்மலை பேஸ்:
விக்காதையுங்கோ தம்பி. நீங்கள் சொல்லுற அறிகுறி பேஸின்ர குறை இல்லை, கம்பியின்ர குறை.

கடையிலை 34 அங்குலத்துக்குரிய கம்பியை வெட்டிப் போட்டிருக்கினம் போலை. பேஸ் கம்பி தலைப்பக்கம் வரேக்க மெலிஞ்சு போகும். அந்த மெல்லிசுப் பகுதிதான் டியூனர் (சுருதி கூட்டிற முறுக்காணி) தண்டிலை சுத்த வேணும். நீளக் கம்பியைக் குட்டை நெக்கிலை போட்டா முழுத்தடிப்பே தண்டைச் சுத்தும். அப்பிடி மடங்கேக்க வெளிச்சுற்று உள்கம்பியை விட்டு இளகலாம். இளகினாப் பிறகு நாதமும் இல்லை, டியூனும் இல்லை. ஈ கம்பியைத் தண்டுக்குக் கிட்ட விரலாலை தடவிப் பாருங்கோ. சுற்று விரிஞ்சு, நெளிஞ்சு கிடந்தா அதுதான் விஷயம்.

புதுசு வாங்கேக்க பெட்டியிலை "ஷோர்ட் ஸ்கேல்" எண்டு இருந்தா மட்டும் காணாது. மஸ்டாங்கிலை கம்பி உடம்புக்குள்ளாலை வாறதாலை கூடுதல் நீளம் வேணும். பின்பக்கம் கம்பியின்ர குண்டு இருக்கிற இடத்திலை இருந்து நட் (நெக்கின்ர தலைப்பக்கம் கம்பி தங்கிற சின்னக் கட்டை) வரைக்கும் ஒரு நூலை விட்டு அளவுங்கோ. முழுத்தடிப்பு அந்த அளவைத் தாண்ட வேணும், ஆனா தண்டுக்கு முதல் மெலிஞ்சிட வேணும். சில கம்பனியின்ர ஷோர்ட் சரிவரும், சிலதிலை மீடியம் எடுக்க வேண்டிவரும். தடிப்பு 45–105 போடுங்கோ, அதாவது மெல்லிசுக் கம்பி 0.045 அங்குலம், ஈ கம்பி 0.105. ஒரே கம்பி, ஒரே சுருதி எண்டா 30 அங்குலத்திலை இழுவிசை 34 அங்குலத்தை விட 22 வீதம் அளவிலை குறையும். மெல்லிசு செற் போட்டா தளர்வு இன்னும் கூடும். இதைத்தான் ட்ரம்ஸ் அண்ணா பிறவிக்குணம் எண்டிறார். தடிப்பைக் கூட்டினா அதிலை ஒரு பங்கு சரியாகிடும்.

கறகறப்புக்கு வேறை காரணம் இருக்கலாம். இப்ப கச்சான் அடிக்கிற காலம். காலநிலை மாறேக்க நெக்கின்ர வளைவும் மாறும். நெக் பின்னாலை வளைஞ்சா கம்பி முதல் பிரெற்றுகளிலை முட்டும்.  முதல் பிரெற்றையும், நெக் உடம்போடை சேருற இடத்துப் பிரெற்றையும் ஒண்டாய் அமத்திப்பிடிச்சு, 7ஆவது 8ஆவது பிரெற்றுக்கு மேலை பாருங்கோ. விசிற்றிங் காட் ஒண்டின்ர தடிப்பு, 0.3 மி.மீ. அளவு, இடைவெளி இருக்க வேணும். இல்லையெண்டா ட்ரஸ் ரொட்டை (நெக்குக்குள்ளை வளைவைச் சரிபண்ணிற இரும்புக் கம்பி) இடப்பக்கம் கால் சுற்று தளர்த்துங்கோ. பழைய பாணி மஸ்டாங்கிலை அது நெக்கின்ர அடிமுனையிலை இருக்கும். கம்பியைத் தளர்த்தி, நெக் திருகாணியை இளக்கித்தான் பிடிக்கலாம். அவசரப்படாதையுங்கோ.

இனி அந்தச் "சின்னப்பிள்ளையள்" கதை. எனக்கு இதைக் கேட்டா மனசு தாங்காது. மஸ்டாங் பேஸ் 1966இலை வந்தது, லியோ ஃபெண்டர் வடிவமைச்சது. 1951இலை 34 அங்குல பிரிசிஷன் பேஸைக் குடுத்த அதே மனுசன்தான் 30 அங்குலத்தையும் யோசிச்சுச் செய்தவர். மாணவருக்கெண்டு வித்த மஸ்டாங் வரிசையிலை வந்ததாலை அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுது. டோக்கிங் ஹெட்ஸ் குழுவின்ர ரீனா வெய்மவுத் இதை வச்சு மேடையை ஆட்டினவ. ரோலிங் ஸ்டோன்ஸின்ர பில் வைமனும் வாசிச்சவர். போல் மக்கார்ட்னியின்ர ஹோஃப்னரும் குட்டை ஸ்கேல்தான். அவையெல்லாம் விளையாட்டுச் சாமானோ?

கணக்காப் பாருங்கோ. முதலாம் பிரெற்றிலை இருந்து நாலாம் பிரெற் வரை 34 அங்குல பேஸிலை கிட்டத்தட்ட 13 செ.மீ., உங்கடையிலை பதினொண்டரை. மூண்டு மணித்தியாலம் நிண்டு வாசிக்கிற கலியாண வீட்டிலை அந்த ஒண்டரை சென்ரிமீற்றர் மணிக்கட்டுக்கு எவ்வளவு ஆறுதல் எண்டு வாசிக்கிறவருக்குத் தெரியும். சத்தமும் அப்பிடித்தான். குட்டை ஸ்கேலிலை அடிநாதம் உருண்டு திரண்டு நிக்கும், கிணுகிணுப்புக் குறைவு. பாட்டுக்காரரின்ர குரலுக்குக் குறுக்கை வராது. ஈ கம்பியை டி வரை இறக்கி வாசிக்க இது தோதில்லை, அது உண்மை. அதுக்கு நீளம்தான் நல்லம்.

நிலாவெளி சவுண்ட்:
அம்பையும் மாத்துங்கோ தம்பி. ஈ கம்பியின்ர அடிநாதம் 41 ஹேர்ட்ஸ். சின்னக் கிற்றார் ஸ்பீக்கர் அதைத் தராது, கூட்டி வச்சா கிழியும். மண்டபத்திலை டி.ஐ. பெட்டி (பேஸை மிக்ஸரோடை இணைக்கிற பெட்டி) போட்டு நேரா மிக்ஸருக்குக் குடுங்கோ. 150, 200 ஹேர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறைச்சு, 700, 800 பக்கம் கொஞ்சம் கூட்டினா விரல் படுறது தெளிவாக் கேட்கும்.

திருக்கடலூர் ட்ரம்ஸ்:
தடிப்பு விஷயம் சரிதான். ஆனா நான் உரத்து அடிக்கேக்க உங்கட ஆள் கம்பியைப் பிடுங்குவார், அப்ப தளரும்.

உவர்மலை பேஸ்:
பிடுங்க வேண்டாம் அண்ணா. விரலை பிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் தள்ளி வச்சு மெதுவாத் தட்டி, சத்தத்தை மிக்ஸரிலை கூட்டினாக் காணும்.

உப்புவெளித் தம்பி:
தண்டுக்குக் கிட்ட சுற்று விரிஞ்சுதான் கிடந்தது அண்ணா! கொழும்பிலை இருந்து 45–105 மீடியம் எடுப்பிச்சுப் போட்டாச்சு. ஈ கம்பி இப்ப உறுமுது. கால் சுற்றோடை கறகறப்பும் போட்டுது. 12ஆவது பிரெற்றிலை இன்னும் ஒரு பொட்டு சுருதி கூட. சாடிலை (பிரிட்ஜிலை கம்பி தங்கிற துண்டு) பின்னாலை இழுக்கப் பாத்தா திருகாணி அசையுதில்லை.

உவர்மலை பேஸ்:
உப்புக்காத்துத் துரு. பலவந்தமாத் திருகினா தலை வழுகிடும். ஈ கம்பியைத் தளர்த்திப்போட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி பஞ்சிலை தொட்டு திருகாணியிலை வச்சு, இரவு முழுக்க விடுங்கோ. காலமை அளவான ஸ்குரூ ட்ரைவராலை முதல் இளக்கிற பக்கம் ஒரு பொட்டு, பேந்து இறுக்கிற பக்கம் திருப்பி சாடிலைப் பின்னாலை இழுங்கோ. ஒவ்வொருக்காலும் டியூன் பண்ணிப்போட்டு 12ஐப் பாருங்கோ.