ஷாப் ஃப்ளோரில் பென் டிரைவ் வைரஸ்: ஆட்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

கோவை மெயின்டனன்ஸ்:
வணக்கம். பம்ப் செட் பாகங்களுக்குக் கடைசல் வேலை செய்து தரும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி மெஷின் 14, மூன்று ஷிப்ட். போன மாதம் இரவு ஷிப்டில் ஒரு மெஷினின் திரை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே இருப்பது பழைய விண்டோஸ் எக்ஸ்பி. ஆப்பரேட்டர் பையன் பாட்டு வைத்திருந்த சொந்த பென் டிரைவிலேயே மெஷினுக்கான புரோகிராமையும் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறான். வைரஸ்.

மெஷின் ஒன்றரை நாள் நின்றதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். திரையில் ஏதோ தப்பாகத் தெரிந்தது இரவு 2 மணிக்கு. அவன் வாயைத் திறந்தது காலை 7 மணிக்கு. சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். அதற்குள் அதே பென் டிரைவ் பக்கத்து மெஷின் இரண்டுக்கும் போய்விட்டது. கடைசியில் இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்கத்தான் செய்தார்கள்.

அப்புறம் ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆங்கிலத்தில் 40 ஸ்லைடு, முடிவில் கையெழுத்து. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். யாருக்கும் எதுவும் ஏறவில்லை. உங்கள் இடத்தில் என்ன செய்கிறீர்கள்?

ஓசூர் செட்டர்:
எங்களிடம் முக்கால்வாசித் தொல்லை போன் சார்ஜ் போடுவதில்தான் இருந்தது. மெஷின் பேனலில் யுஎஸ்பி துளை இருந்தால் கை தானாக அங்கே போகும். திட்டிப் பார்த்தோம், நடக்கவில்லை. டீ குடிக்கும் இடத்தில் பத்து சார்ஜிங் பாயின்ட் போட்டுக் கொடுத்தோம், பேனல் துளைக்குப் பூட்டு மூடி வாங்கி மாட்டினோம். புரோகிராம் ஏற்ற மஞ்சள் நிற பென் டிரைவ் மட்டும். அது சூப்பர்வைசர் மேசையில் சங்கிலியில் தொங்கும். ஸ்கேன் செய்யத் தனி கம்ப்யூட்டர். மஞ்சள் தவிர வேறு நிறம் மெஷினில் தெரிந்தால் எந்த மொழிக்காரரும் கேட்பார். இதற்கு ஸ்லைடு வேண்டியதில்லை.

ஐடி சென்னை:
பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி ஒரு புதிய கருவியை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தது. வானாக்ரை வகை வைரஸ் பரவி சிப் ஆலைகள் நின்றன. 2019 மார்ச்சில் நார்வேயின் அலுமினிய நிறுவனம் நார்ஸ்க் ஹைட்ரோவுக்கு வந்தது ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். தெரிந்த வாடிக்கையாளர் பெயரில் வந்த மெயிலை ஓர் ஊழியர் திறந்ததுதான் தொடக்கம். 40 நாடுகளில் 35,000 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். வாசல் கதவில் 'எந்தக் கருவியையும் இணைக்காதீர்கள்' என்று தாள் ஒட்டினார்கள். பழைய காகித முறை தெரிந்த ஓய்வுபெற்றவர்கள்கூட வந்து கைகொடுத்தார்கள். பணம் கட்டவில்லை, பேக்கப்பிலிருந்து மீண்டார்கள். நடந்ததை வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை.

உங்கள் பையன் விஷயத்தில் சம்பளம் பிடித்தது பெரிய தவறு. அடுத்த முறை 7 மணிக்குக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். கையில் அடிபடாமல் தப்பினால் பாதுகாப்புப் பதிவேட்டில் எழுதுகிறோம் அல்லவா? இதையும் அதே பதிவேட்டில் எழுதுங்கள்.

திருப்பூர் அக்கவுன்ட்ஸ்:
ஆபீஸ் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். நூல் சப்ளையர் பெயரில் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எனக்கு ஒரு மெயில் வந்தது. முகவரியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். பழைய இன்வாய்ஸில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டதால் தப்பித்தோம். மெயிலில் இருக்கும் எண்ணுக்கு மட்டும் போடவே கூடாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

கோவை மெயின்டனன்ஸ்:
எல்லாருக்கும் நன்றி. அந்த இரண்டு நாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நாளைக் காலை மேனேஜரிடம் பேசப் போகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஓசூர் அண்ணா, அந்த ஸ்கேன் கம்ப்யூட்டருக்கு இணைய இணைப்பு உண்டா? இல்லையென்றால் ஆன்டிவைரஸ் அப்டேட்டை எப்படிப் போடுகிறீர்கள்?