வெயிட் ஷிஃப்ட் உங்களுக்கு எப்போது பிடிபட்டது?

வேளச்சேரிக்காரன்:

நான் வலது கை ஆட்டக்காரன். வயது 46, கோல்ஃப் தொடங்கி 6 வருடம், ஹேண்டிகேப் (திறமை அளவு, குறைந்தால் நல்லது) 22. இந்த 6 வருடத்தில் நான் அதிகம் கேட்ட அறிவுரை "வெயிட் ஷிஃப்ட் பண்ணுங்க" என்பதுதான், அதாவது அடிக்கும்போது உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது. பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பேக்ஸ்விங்கில் (கிளப் என்னும் மட்டையைப் பின்னால் மேலே கொண்டுபோகும்போது) உடம்பு முழுவதையும் வலது காலுக்குக் கொண்டுபோவேன். மேலே போய்ச் சேர்ந்ததும், இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி இடது பக்கம் பாய்வேன். டிரைவர் (தூரம் அடிக்கும் நீளமான கிளப்) எடுத்தால் பந்து வலது பக்கமாக வளைந்து மரங்களுக்குள் போகும். செவன் அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான இரும்பு கிளப்) எடுத்தால் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மண்ணை வெட்டும். இரண்டும் வேறு வேறு வியாதி என்று நினைத்து, ஸ்லைஸுக்கு (அந்த வலது வளைவுக்கு) பிடியை மாற்றினேன், மண் வெட்டுவதற்குப் பந்து வைக்கும் இடத்தை மாற்றினேன்.

போன வருடம் ஒரு காலை ஆட்டத்தில் எனக்கு வந்த கேடி (பை தூக்கி வரும் உதவியாளர்), வயதானவர். 9 ஹோல் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. 10ஆவது ஹோலின் தொடக்க இடத்தில் பந்து மறுபடியும் மரத்துக்குள் போனதும், நானே கேட்டேன். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "சார், நீங்க மேல போய் நின்னுட்டு அப்புறம் கிளம்புறீங்க. கிளப் மேல போய்க்கிட்டு இருக்கும்போதே இடது கால் தரையை அழுத்திடணும். வலை வீசுறவன் கையில இருந்தா ஆரம்பிப்பான்?"

அன்றைக்கு அது எனக்குச் சரியாகப் புரியவில்லை. கிளப் பின்னால் போகும்போது கால் எப்படி முன்னால் போகும் என்றுதான் தோன்றியது. இரண்டு மாதம் கழித்து ஒரு பயிற்சியாளரிடம் போனேன். அவரிடம் பாதங்களின் அழுத்தத்தைக் காட்டும் பாய் ஒன்று இருந்தது. அதில் நின்று பத்து பந்து அடிக்கச் சொன்னார். திரையில் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. கிளப் உச்சிக்குப் போன நேரத்தில் என் அழுத்தத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம் வலது காலில். பந்தைத் தொடும்போது இடது காலுக்கு வந்திருந்தது பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பிறகு நல்ல ஆட்டக்காரர் ஒருவரின் பதிவைப் போட்டுக் காட்டினார். அவரும் வலது காலுக்குப் போகிறார், ஆனால் சீக்கிரமே போய்விடுகிறார். கிளப் உச்சியை அடைவதற்கு முன்பே திரும்பி வரத் தொடங்கிவிடுகிறார். டவுன்ஸ்விங்கில் (கிளப் பந்தை நோக்கிக் கீழே வரும்போது) இடது கை தரைக்கு இணையாக வரும் நேரத்துக்குள் 80 சதவீதம் அளவுக்கு இடது காலில் இறங்கிவிடுகிறது.

அதாவது நான் இவ்வளவு காலம் "எவ்வளவு" என்ற கணக்கிலேயே இருந்தேன். கேடி சொன்னது "எப்போது" என்பதை. டவுன்ஸ்விங் முழுவதும் கால் நொடிதான். உச்சியில் நின்று யோசித்துவிட்டு உடம்பை நகர்த்த அங்கே நேரமே கிடையாது. கால் தாமதமானால் அந்த இடத்தைத் தோள் பிடித்துக்கொள்கிறது. தோள் முதலில் சுழன்றால் கிளப் வெளியே தள்ளப்பட்டு, பந்தை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக அறுத்துக்கொண்டு வருகிறது. கிளப்பின் முகமும் கொஞ்சம் திறந்திருந்தால் ஸ்லைஸ்தான். வெயிட் பின்காலிலேயே தங்குவதால் ஸ்விங்கின் அடிப்புள்ளியும் பந்துக்குப் பின்னால் விழுகிறது, அதனால் மண். என் இரண்டு வியாதிக்கும் வேர் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் கொடுத்த பயிற்சி: 9 அயர்ன், இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நிற்க வேண்டும். கிளப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வைக்க வேண்டும். ஊன்றிய பிறகு அடி. முதல் நாள் 40 பந்தில் உருப்படியாகப் போனவை ஐந்தோ ஆறோ. மூன்றாவது வாரம், கால் ஊன்றுவதும் கிளப் திரும்புவதும் ஒரே மூச்சில் நடக்க ஆரம்பித்தன. பந்தில் படும் சத்தமே மாறியது. செவன் அயர்ன் 120 கஜம் போய்க்கொண்டிருந்தது இப்போது 135 போகிறது, முன்பைவிட மெதுவாக அடிப்பதுபோல்தான் எனக்குத் தோன்றுகிறது.

உங்களுக்கு இது எப்படிப் பிடிபட்டது? எழுதுங்கள். குறிப்பாக டிரைவரில் என்ன செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. கையில் டிரைவர் வந்ததும் பழைய பாய்ச்சல் திரும்பிவிடுகிறது.

முன்னாள் வேகப்பந்து:

அண்ணா, எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர், அதனால் எழுதியே ஆக வேண்டும்.

கல்லூரிக் காலம் முழுக்க கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவன் நான். 35 வயதில் கோல்ஃபுக்கு வந்தேன். முன்காலுக்குப் போவது எனக்குப் பழக்கம்தானே, அதனால் வெயிட் ஷிஃப்டில் பிரச்சினை இருக்காது என்று நினைத்தேன். ஆனால் அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தேன். இடுப்பு சுழலாமல் இலக்குப் பக்கம் வழுக்கிக்கொண்டே போகும், தலையும் பந்தைத் தாண்டிவிடும். கிளப் பின்தங்கிவிடும். பந்து நேராக வலது பக்கம் போகும், அதைச் சரிக்கட்ட மணிக்கட்டைத் திருப்பினால் இடது பக்கம் தாழ்வாக வளைந்து ஓடும். இரண்டு வருடம் இதே கதை.

ஒருநாள் பழைய பந்துவீச்சு வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. பந்துவீச்சில் முன்கால் வெறுமனே போய் நிற்பதில்லை, அது பிரேக் போடுகிறது. முழங்கால் மடங்காமல் முன்கால் இறுகி நின்றால்தான் ஓடி வந்த வேகம் இடுப்புக்கும் தோளுக்கும் கைக்கும் ஏறும். முழங்கால் தொய்ந்தால் வேகம் அங்கேயே செத்துவிடும். இது எனக்கு 18 வயதிலேயே தெரியும், கோல்ஃப் கிளப்பைப் பிடித்ததும் எப்படி மறந்தேனோ தெரியவில்லை.

ஸ்விங்கிலும் அதே வரிசைதான். இடுப்பு முதலில் வேகமெடுத்து முதலில் மெதுவாகிறது. மெதுவாகும்போது அந்த வேகத்தை மார்புக்குக் கொடுக்கிறது. மார்பு கைக்கு, கை கிளப்புக்கு. ஒவ்வொன்றும் நின்று கொடுத்தால்தான் அடுத்தது வாங்க முடியும். நான் இடுப்பை நிறுத்தவே இல்லை, அப்புறம் எதை வாங்கி எதைக் கொடுப்பது? இடது கால் முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும், உடனே தரையைக் கீழ்நோக்கி உதைக்க வேண்டும். அந்த உதையில் முழங்கால் நிமிர்ந்து இடது இடுப்பு பின்னால் போகிறது, இடுப்பு தானாகச் சுழல்கிறது. ஜஸ்டின் தாமஸ் டிரைவர் அடிப்பதைப் பாருங்கள், பந்தைத் தொடும் நேரத்தில் குதிகால்கள் தரையை விட்டு எழும்பியிருக்கும். அவ்வளவு உதைக்கிறார்.

நான் செய்த பயிற்சி: இடது இடுப்புக்கு வெளியே நான்கு விரல் தள்ளித் தரையில் ஒரு குச்சி நட்டேன். டவுன்ஸ்விங் தொடக்கத்தில் இடுப்பு அதை லேசாகத் தொடலாம், சாய்க்கக் கூடாது. முதல் வாரம் குச்சியைத் திரும்பத் திரும்ப நட்டதில்தான் பாதி நேரம் போனது. டிரைவர் பற்றிக் கேட்டீர்கள். டிரைவரில் பந்து இடது குதிகாலுக்கு நேரே இருக்கிறது, மேலே எழும்போது அடிக்க வேண்டும். அதனால் அழுத்தம் இடது காலுக்குப் போனாலும் தலை பந்துக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். நீங்கள் பாயும்போது தலையும் சேர்ந்து போகிறதா என்று பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள்.

நீலகிரி அம்மா:

எனக்கு 61 வயது. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸில் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில்தான் ஆடக் கற்றுக்கொண்டேன். அங்கே சமமாக நின்று அடிக்கக் கிடைக்கும் இடம் குறைவு. எனக்குப் பாடம் எடுத்தது அந்தச் சரிவுகள்தான் என்று சொல்லுவேன்.

ஏற்றத்தில் நின்று அடிக்கும்போது உடம்பு பின்காலிலேயே தங்கப் பார்க்கும். இடது காலுக்கு ஏறுவதே ஒரு வேலை. கை முந்திக்கொள்ளும், பந்து இடது பக்கம் போகும். இறக்கத்தில் நின்றால் மண் பின்னால் உயரமாக இருப்பதால், வெயிட் முன்காலில் இல்லை என்றால் பந்தையே தொட முடியாது. நான் வருடக்கணக்காக இறக்கத்தில் நன்றாக அடிப்பேன், ஏற்றத்தில் சொதப்புவேன். ஏன் என்று பிறகுதான் யோசித்தேன். இறக்கம் என்னை முன்காலுக்குத் தானாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் அந்த வேலையை நானே செய்ய வேண்டியிருந்தது, செய்யவில்லை. இப்போது பயிற்சி ரேஞ்சுக்குப் போனால் முதல் பத்துப் பந்தை லேசான இறக்கத்தில் வைத்துதான் அடிக்கிறேன்.

இன்னொன்று. என்னைப்போல் இடுப்பு இறுகிப்போனவர்களுக்குப் பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைத் தரையிலேயே வைத்திருப்பது கஷ்டம். எழும்பட்டும், விடுங்கள். ஜாக் நிக்லாஸ் தன் ஆட்டக்காலம் முழுவதும் குதிகாலை எழுப்பித்தான் ஆடினார். எழுப்பிய குதிகாலைத் திரும்ப ஊன்றுவதே அவருக்கு டவுன்ஸ்விங்கின் தொடக்கம். எனக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு கிடைக்கவில்லை. இடுப்பைச் சுழற்று, வெயிட்டைக் கொண்டுவா என்றெல்லாம் நினைக்க வேண்டாம், குதிகாலை ஊன்று, அவ்வளவுதான். வேளச்சேரித் தம்பி 46 வயது என்று எழுதியிருக்கிறார். 1986இல் நிக்லாஸ் தன் 18ஆவது மேஜரை (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று), மாஸ்டர்ஸை, வென்றபோது அவருக்கும் வயது 46.

புதுசு:

சின்னக் கேள்விதான், மன்னிக்கவும். சிப் (குழிக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சின்ன அடி) அடிக்கும்போதும் இப்படி வலம் போய் இடம் வர வேண்டுமா? அப்புறம் ஜப்பானிய ஆட்டக்காரர் மாட்சுயாமா மேலே போய் நின்றுவிட்டுத்தானே அடிக்கிறார்? அவர் 2021இல் மாஸ்டர்ஸே ஜெயித்திருக்கிறாரே.

முன்னாள் வேகப்பந்து:

சிப்புக்கு வேண்டாம் தம்பி. தொடக்கத்திலேயே வெயிட்டை இடது காலில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுங்கள். மாட்சுயாமாவைப் பார்க்கும்போது கையை மறைத்துக்கொண்டு இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். நிற்பது கிளப்தான். கீழ் உடம்பு அதற்குள் கிளம்பியிருக்கும்.

முழங்கால் நோயாளி:

இரண்டு வருடம் முன்னால் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். முன்கால் பிரேக் என்று மேலே எழுதியது சரிதான், ஆனால் அந்தப் பிரேக்கின் சுமை முழுவதும் ஒரே மூட்டில் விழுகிறது. டைகர் வுட்ஸ் 2008 யு.எஸ். ஓப்பனை டோரி பைன்ஸில் கிழிந்த இடது முழங்கால் தசைநாரோடு ஆடி வென்றார், அதற்குப் பிறகு அந்த வருடம் ஆடவே முடியவில்லை. இடது பாதத்தை இலக்குப் பக்கம் கொஞ்சம் திறந்து வைத்து நில்லுங்கள். இடுப்பு சுழலும்போது முழங்கால் முறுக்குவது குறையும். எனக்கு இந்த ஒரு மாற்றம்தான் 18 ஹோலையும் முடிக்க வைத்தது. வலி வந்தால் அன்றைக்குப் பையைக் கட்டிவிடுங்கள்.

ஏரிக்கரை:

அந்தக் கேடி சொன்ன வலை என்ன வலை என்று எனக்குத் தெரியும். பழவேற்காட்டில் அப்பா வீச்சுவலை போடுவார். சின்ன வயதில் நானும் வீசியிருக்கிறேன். கயிற்றை ஒரு மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, வலையில் ஒரு பங்கை முழங்கையில் தொங்கவிட்டு, மீதியைக் கையில் அள்ளிக்கொள்வோம். ஓரம் முழுக்க ஈயக் குண்டு, நனைந்தால் நல்ல கனம். அந்தக் கனத்தைக் கையால் தூக்கி வீசப் பார்த்தால் வலை விரியாது, சுருண்டு ஒரே இடத்தில் பொத்தென்று விழும். பின்பக்கம் திரும்பும்போது வலை இன்னும் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும், அதற்குள் முன்கால் தண்ணீரில் ஊன்றிவிடும். இடுப்பு திரும்பும், வலையின் கனம் உடம்பைப் பின்னால் இழுப்பது தோளில் தெரியும். அந்த இழுப்பு தெரிந்த பிறகுதான் கை விடும். வட்டமாக விரியும்.

கோல்ஃபில் நான் முதலில் தேடியது அந்த இழுப்பைத்தான். இப்போதும் பந்து இல்லாமல், ஈரத் துண்டு ஒன்றின் நுனியில் முடிச்சுப் போட்டு வீசிப் பார்க்கிறேன். முடிச்சு முதுகில் வந்து தட்டுவதற்குள் இடது கால் ஊன்றியிருந்தால் துண்டு விறைத்து, பந்து இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி "விஷ்" என்று சத்தம் போடும். கை முந்தினால் சத்தம் வலது காதுப் பக்கமே கேட்டு முடிந்துவிடும். செலவில்லாத பயிற்சி, மொட்டை மாடியில் செய்யலாம்.

வேளச்சேரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. துண்டை நேற்று இரவு மாடியில் வீசிப் பார்த்தேன். முதல் பத்து முறையும் சத்தம் வலது காதுப் பக்கம்தான். குதிகாலை எழுப்பி ஊன்றும் அம்மாவின் முறையைச் சேர்த்த பிறகு சத்தம் முன்னால் நகர்ந்தது.

இன்று காலை ரேஞ்சில் டிரைவர் மட்டும் 20 பந்து. நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று என் தலையைப் பார்த்தார். வேகப்பந்துத் தம்பி சந்தேகப்பட்டது சரி, பாயும்போது தலையும் சேர்ந்துதான் போகிறது. குதிகாலை மட்டும் நினைத்து அடித்த கடைசி 8 பந்தில் 5 ஃபேர்வே (புல் வெட்டிய நடுப்பாதை) அகலத்துக்குள் விழுந்தன, இரண்டு லேசாக வலது பக்கம் வளைந்தன, ஒன்று பழையபடி மரத்துக்குள். ஞாயிற்றுக்கிழமை அதே கேடி கிடைப்பாரா என்று கேட்டு வைத்திருக்கிறேன்.