தெர்மாகோல் இல்லாமல் எடுப்பான கிறிஸ்துமஸ் குடில் கட்ட முடியுமா? (மதுரைப் பக்கம்)

வைகைக்கரைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் சின்ன கத்தோலிக்கப் பங்கு (ஓர் ஆலயமும் அதைச் சேர்ந்த சனமும்) எங்களுடையது. இந்த வருடம் குடில் வேலையும், நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் கொடுக்கிற கேக், காபி வேலையும் எங்கள் அன்பியத்தின் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) பொறுப்பு. போன வருடம் குடில் மலை முழுக்க தெர்மாகோல்தான். ஜனவரியில் பிரித்ததும் ஆலயத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். கரும்புகை அடுத்த தெரு வரை போய், இளைப்பு உள்ள ஒரு பாட்டி அன்று முழுக்க ஜன்னலைத் திறக்கவே இல்லை. பேப்பர் கப் மட்டும் 400 இருக்கும். பண்டிகை அன்று விடிகாலையில் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர்தான் வந்து குனிந்து குனிந்து பொறுக்கினார், நாங்கள் புதுத்துணியோடு அவரைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனோம். அது இன்னும் மனதில் கிடக்கிறது. ஆனால் பெரியவர்கள், "சனம் குடில் பார்க்க வருது, எடுப்பா இருக்கணும்மா" என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். செலவு ஏறாமல் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

குடில்கட்டி:
தங்கச்சி, நான் பதினைந்து வருடமாகக் குடில் கட்டுகிறேன், அதில் பாதி வருடம் தெர்மாகோலில் கட்டியவன்தான். முதலில் ஒன்று, அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது, கமிட்டியில் அதையே சொல்லலாம்.

மலைக்கு மூங்கில் கம்பும் பழைய சாக்கும் போதும். களிமண்ணைத் தோசைமாவு பதத்துக்குக் கரைத்து, சாக்கை முக்கி எடுத்து, கம்பு மேல் மடிப்பு மடிப்பாகப் போர்த்திவிடுங்கள். இரண்டு நாள் காய்ந்தால் அசல் பாறை மாதிரியே நிற்கும், நம்ம யானைமலையைப் பார்த்து மடிப்பு வைத்தால் பிள்ளைகள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள். கூரைக்குத் தென்னங்கிடுகு, உள்ளே வைக்கோல். 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் இருந்ததே வைக்கோலும் மாடும் கழுதையும்தான்.

புல்லுக்கு பிளாஸ்டிக் பாய் வாங்காதீர்கள். நம்ம ஊரில் முளைப்பாரி போடத் தெரியாத வீடு உண்டா? அதே முறைதான், ஆனால் இருட்டில் வைக்காமல் வெளிச்சத்தில் வையுங்கள், இருட்டில் வளர்ந்தால் மஞ்சளாக வரும், நமக்குப் பச்சை வேண்டும். கேழ்வரகும் கம்பும் டிசம்பர் 14, 15 வாக்கில் அகலத் தட்டில் தூவினால் 24-ம் தேதி ராத்திரிக்கு நல்ல புல்லாகிவிடும். அன்பியத்தில் வீட்டுக்கு ஒரு தட்டு கொடுங்கள், எல்லாரும் அவரவர் புல்லைத் தேடிக்கொண்டு குடிலுக்கு வருவார்கள். விழா முடிந்ததும் ஆட்டுக்குப் போட்டுவிடலாம்.

குடில் சொரூபம் (பொம்மை) உடைந்திருந்தால், மதுரைப் பக்கத்தில் இருக்கிற விளாச்சேரிக்குப் போங்கள். கொலு பொம்மை செய்கிற அதே குடும்பங்கள் குடில் செட்டும் செய்கிறார்கள். களிமண் செட் என்று கேட்டு வாங்குங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். அவர்களுக்கு வருடத்தில் வேலை இருப்பதே சில மாதம்தான்.

மேலூர்த் தம்பி:
அண்ணன் சொன்னது அருமை. நாங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), குடிலைவிட வீடு வீடாகப் பாடிப் போகிற கீதபவனியும் ஸ்டாரும்தான் எங்களுக்குப் பெரிது. ஸ்டாருக்கு உள்ளே 60 வாட் குண்டு பல்பு போட்டு ராத்திரி பத்து மணி நேரம், 25 நாள் எரித்தால் 15 யூனிட். 7 வாட் எல்இடி போட்டால் இரண்டு யூனிட்கூட ஆகாது. மூங்கில் சிம்பில் பட்டத்தாள் ஒட்டிய ஸ்டாரைச் சட்டம் உடையாமல் பரணில் வைத்தால் அடுத்த வருடம் தாள் மட்டும் மாற்றினால் போதும்.

அப்புறம் வெடி. திருப்பத்தூர் போகிற வழியில் கொள்ளுக்குடிப்பட்டிப் பக்கம், வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காக தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளால் முடிகிறது என்றால், நள்ளிரவில் சரவெடி இல்லாமல் நம்மால் இருக்க முடியாதா? ஆலயமணி ஒன்று போதும்.

சமையல்கட்டு சகாயம்:
காபிக்கு வருகிறேன். பேப்பர் கப்பின் உள்ளேயும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, 2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பட்டியலில் அதுவும் உண்டு, பேப்பர்தானே என்று நினைத்துதான் நிறையப் பேர் வாங்குகிறார்கள். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் எடுங்கள். 400 வேண்டாம், 150 எடுத்து, இரண்டு பெரிய அண்டா வெந்நீர் வைத்து, இளைஞர்கள் பத்துப் பேர் கழுவக் கழுவச் சுற்றிவரும். கேக்கை வாழையிலை நறுக்கில் வைத்துக் கொடுங்கள். நாங்கள் முதல் வருடம் கழுவ ஆள் வைக்க மறந்து திண்டாடினோம், அதனால் பெயர் எழுதி முன்னாலேயே பிரித்துவிடுங்கள்.

இன்னொன்று, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். குப்பையைக் குறைப்பது சரி, அந்த அக்காவுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? பண்டிகை முடிந்து பழைய சேலை கொடுப்பது வேண்டாம். உங்களுக்குத் துணி எடுக்கப் போகும் அன்றே அவருக்கும் ஒரு சுங்குடிச் சேலை எடுங்கள், அதே விலையில். 24-ம் தேதிக்கு முன்னால் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். ஆலயத்துக்கு வரவழைத்து மைக்கில் பெயர் வாசித்து வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

வைகைக்கரைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. சகாயம் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடமாக அவர் பெயரே எனக்குத் தெரியாது. இன்று காலை கேட்டேன், சொன்னார், ஊர் உசிலம்பட்டிப் பக்கமாம்.

ஃபாதர் சாக்கு மலைக்குச் சம்மதித்துவிட்டார், டம்ளருக்கு மட்டும் யோசிக்கிறார். குடில்கட்டி அண்ணே, ஒரு சந்தேகம்: எங்கள் குடில் மழைச்சாரல் படுகிற வராந்தாவில் இருக்கிறது. களிமண் கரையாமல் இருக்க மேலே என்ன பூசலாம்?

குடில்கட்டி:
சாணம் கலந்து பூசுங்கள் தங்கச்சி, கொஞ்சம் உமியும் சேருங்கள். சாரல் தாங்கும். பெருமழை என்றால் மேலே ஒரு வரிசை கிடுகு கூடுதலாகக் கட்டிவிடுங்கள்.