ஐபிடிஜி சேர்த்தும் புரதப் பட்டை தெரியவில்லை: உதவி தேவை

கண்ணாடிக்குழாய்: வணக்கம். பெட்-28ஏ பிளாஸ்மிடில் (மரபணுவைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் வட்ட டிஎன்ஏ) என் மரபணுவைச் செருகி, டிஎன்ஏ வரிசையையும் படித்துப் பார்த்துவிட்டேன். பிறழ்வு எதுவும் இல்லை. ஈ. கோலி பாக்டீரியாவை 37 டிகிரியில் வளர்த்து, லாக்டோஸைப் போல நடித்து மரபணுவை இயக்கிவிடும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் சேர்த்து, நான்கு மணி நேரம் கழித்து, புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல் ஓட்டினால், என் புரதம் தெரிய வேண்டிய 30 கிலோடால்டன் அருகே எதுவுமே இல்லை. மூன்று முறை செய்தாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் முடிவைக் காட்ட வேண்டியிருப்பதால், விரைவாக வழி சொல்லுங்கள்.

கலங்கல்நீர்: ஐபிடிஜி சேர்த்தபோது ஒளியடர்த்தி (செல்கள் எவ்வளவு பெருகியுள்ளன என்று காட்டும் அளவு) எவ்வளவு இருந்தது? ஜெல்லில் ஏற்றியது முழுச் செல்லா, செல்லை உடைத்துச் சுழற்றிய பின் கிடைத்த தெளிநீர் மட்டுமா? புரதம் கரையாத திரள்களாகிவிட்டால் வண்டலோடு போய்விடும். தெளிநீரில் தேடிப் பயனில்லை.

ஒற்றைக்காலனி: எந்த ஈ. கோலி வகை என்று குறிப்பிடவில்லையே?

கோடான்காவலர்: அரிய கோடான்கள்தான் (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள்) காரணம் என்று நினைக்கிறேன். ஆர்ஜினினுக்கான ஏஜிஏ, ஏஜிஜி இரண்டையும் ஈ. கோலி அரிதாகவே பயன்படுத்துகிறது; அவற்றுக்குரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் டிஆர்என்ஏ குறைவாக இருப்பதால், புரதத்தைக் கட்டும் ரைபோசோம் நடுவழியில் தடுமாறும். உங்கள் மரபணுவில் அவை எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய உறுப்பினர்: ஜேக்கப்பும் மோனோவும் 1961-லேயே தெளிவுபடுத்திய லாக் ஓபரானை (லாக்டோஸைப் பயன்படுத்தும் மரபணுத் தொகுப்பு) படிக்காமல் ஐபிடிஜி பாட்டிலைத் திறப்பவர்களுக்கு இதுதான் நேரும். ஊடகத்தில் குளுக்கோஸ் இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு குறையும். அது குறைந்தால், படியெடுத்தலைத் தூண்டும் சிஆர்பி புரதம் புரோமோட்டரில் (மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடம்) அமராது. அமராவிட்டால், ஐபிடிஜியால் அடக்கிப் புரதம் விலகினாலும் படியெடுத்தல் (டிஎன்ஏவிலிருந்து எம்ஆர்என்ஏ உருவாதல்) மந்தமாகவே நடக்கும். முதலில் பாடப்புத்தகம், பிறகு பிப்பெட்.

கலங்கல்நீர்: ஐயா, பாடப்புத்தகம் அங்கேயே நின்றுவிடுகிறது. குளுக்கோஸும் லாக்டோஸும் சேர்ந்திருக்கும்போது லாக் ஓபரான் அடங்கியிருப்பதற்கு முதன்மைக் காரணம் சைக்ளிக் ஏஎம்பி குறைவது அன்று. குளுக்கோஸ் உள்ளே நுழையும்போது பாஸ்பேட்டை இழக்கும் ஒரு கடத்துப் புரதம், லாக்டோஸை உள்ளிழுக்கும் பெர்மியேஸைப் பூட்டிவிடுவதுதான்.

பழைய உறுப்பினர்: பெர்மியேஸைப் பூட்டினாலும் ஐபிடிஜி இந்த அடர்த்தியில் சவ்வின் வழியே தானாகவே உள்ளே செல்லும். ஆகவே உங்கள் திருத்தம் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது.

கலங்கல்நீர்: உங்கள் விளக்கமும் பொருந்தாதே! பெட் வகைப் பிளாஸ்மிடுகளில் மரபணுவுக்கு முன்னால் இருப்பது டி7 என்ற வைரஸின் புரோமோட்டர்; அதற்குச் சிஆர்பி தேவையே இல்லை. அதைப் படிக்கும் நொதியான டி7 பாலிமரேஸைத் தரும் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் லாக்-யூவி5 புரோமோட்டரும் சிஆர்பியை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை.

ஒற்றைக்காலனி: இருவரும் விவாதத்தை நிறுத்தினால் என் பழைய கேள்விக்கே திரும்பலாம். ஈ. கோலியின் சொந்த ஆர்என்ஏ பாலிமரேஸ் டி7 புரோமோட்டரை அடையாளம் காணாது. டிஈ3 என்று முடியும் வகைகளில், லாம்டா வைரஸின் வழியே குரோமோசோமில் குடியேறிய டி7 பாலிமரேஸ் மரபணு இருக்கும். ஐபிடிஜி முதலில் அதைத்தான் விழிக்கச் செய்கிறது. அந்தப் பாலிமரேஸ் இல்லாத செல்லில், வரிசை எவ்வளவு பிழையற்றிருந்தாலும், அதைப் படிக்க ஆள் இல்லை. அரிய கோடான் என்றால் புரதம் குறையும், பாதியில் அறுபடும். ஆனால் அந்தச் சிக்கல் எழுவதற்கே முதலில் எம்ஆர்என்ஏ இருக்க வேண்டும். கண்ணாடிக்குழாய், வரிசை படிக்கப் பிளாஸ்மிடைப் பிரித்தெடுத்த அதே காலனியைத்தான் வளர்த்தீர்களா?

கண்ணாடிக்குழாய்: ஆம், அதே காலனிதான், டிஎச்5 ஆல்பா. ஈ. கோலி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிட்டேன். ஊடகம் எல்பி, குளுக்கோஸ் சேர்க்கவில்லை. ஏற்றியது முழுச் செல்.

ஒற்றைக்காலனி: டிஎச்5 ஆல்பா பிளாஸ்மிடைப் பெருக்குவதற்கு நல்லது, டிஎன்ஏவை வெட்டும் எண்டோநியூக்ளியேஸ் ஒன்று அதில் செயலிழந்திருப்பதால், பிரித்தெடுக்கும் பிளாஸ்மிட் சிதையாமல் கிடைக்கும். டி7 பாலிமரேஸ் அதில் இல்லை. அதே பிளாஸ்மிடைப் பிஎல்21 டிஈ3 செல்லுக்கு மாற்றி, கனாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தட்டில் தேர்ந்தெடுத்து, ஐபிடிஜி சேர்த்ததையும் சேர்க்காததையும் அருகருகே ஓட்டுங்கள்.

பழைய உறுப்பினர்: வகையைச் சொல்லாமல் கேட்டால் குளுக்கோஸைத்தான் சந்தேகிப்பார்கள்.

கண்ணாடிக்குழாய்: மாற்றினேன். ஐபிடிஜி சேர்த்த ஜெல் தடத்தில் 30-க்கு அருகே தடித்த பட்டை. சேர்க்காததில் மெல்லிய நிழல் மட்டும். நன்றி.

கோடான்காவலர்: மகிழ்ச்சி. ஆனால் அது கரையும் பகுதியில் இருக்கிறதா, வண்டலிலா? ஆர்ஜினின் கோடான்களை எண்ணினீர்களா?