கல்பள்ளி மயானத்தில் புதைப்பதா, எரிப்பதா? பெங்களூர் தமிழர்களே, உங்கள் அனுபவம் என்ன?

அல்சூர்வாசி:
போன வருடம் பெரியப்பா தவறினார். எங்கள் வழக்கம் புதைப்பது. ஆனால் மூத்த அண்ணன் மின் மயானம் என்றார், சித்தப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. வாசலில் பந்தல் போட்டு, மேளம் வந்து இறங்கிய பிறகும் பேச்சு ஓயவில்லை. கடைசியில் பெரியம்மாதான், "அவங்க அம்மா பக்கத்துலயே வைங்க" என்று முடித்துவைத்தார்.

அங்கேதான் சிக்கல். பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் இருக்கிற கல்பள்ளியில் பாட்டியைப் புதைத்தது தொண்ணூறுகளில். கல் எதுவும் நடவில்லை, வெறும் மண்மேடு. குழி வெட்டுகிறவர் நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர். நாங்கள் காட்டிய வேப்ப மரத்தைப் பார்த்துவிட்டு, "அந்த வரிசையில இப்ப வேற ஆளுங்க இருக்காங்க சார்" என்றார். ஊருக்குள் இருக்கிற மயானங்களில் இடம் இல்லை. கட்டாமல் விட்ட மேடு மழையில் அமுங்கிப் போனால், கொஞ்ச காலத்தில் அது இன்னொருவரின் இடம். அவர்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? கிட்டத்திலேயே ஒரு இடம் காட்டினார், வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் பால் தெளிக்கப் போனபோதே கல் பதிப்பதைப் பற்றிக் கேட்டுவிட்டோம். கட்ட அனுமதி உண்டா, எவ்வளவு அகலம் விடுவார்கள் என்பதை மயான ஆபீஸில் முதலில் கேளுங்கள், கல்லை அப்புறம் ஆர்டர் பண்ணலாம். எங்கள் கிரானைட் கடைக்காரர் கம்ப்யூட்டரில் எழுத்து வெட்டுகிறவர், தமிழ் தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெயர் அவருடைய ஃபான்ட்டில் உடைந்துபோய், 'பெரியசாமி'யில் இருக்கிற கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நின்றது. நல்லவேளை, வெட்டும் முன் தாளில் அச்சடித்துக் காட்டச் சொல்லியிருந்தோம். தோற்றம், மறைவு, பெயர் எல்லாவற்றையும் படமாகவோ பிடிஎஃப்பாகவோ கொடுங்கள். தாளில் பார்க்காமல் கல்லில் கை வைக்க விடாதீர்கள்.

ஆஸ்டின் டவுன் அக்கா:
நாங்கள் கத்தோலிக்கர்கள். மாமனாருக்கு ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் குடும்பக் கல்லறை இருந்ததால் புது இடம் தேடுகிற வேலை இல்லை. ஆனால் பழைய கல்லறையைத் திறக்க, முன்பு அடக்கம் செய்த தேதி, இடத்தின் ரசீது, பங்குச் சாமியார் கடிதம் எல்லாம் கேட்டார்கள். ரசீது மாமியாரின் டிரங்குப் பெட்டியில், சேலைக்கு அடியில் கிடந்தது. மாமனாரின் அம்மாவுடைய எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி, புதுப் பெட்டியோடு அதே குழியில் வைத்தார்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னோம், என் மகள் கேட்கவில்லை. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

எரிக்கலாமா என்று எங்கள் ஆட்களும் இப்போது கேட்கிறார்கள். 1963லேயே திருச்சபை தடையை எடுத்துவிட்டது. ஆனால் 2016ல் ரோம் சொன்னபடி சாம்பலைத் தூவக் கூடாது, பிரித்துக்கொள்ளவோ வீட்டில் வைக்கவோ பொதுவாகக் கூடாது, கல்லறை மாதிரிப் புனிதமான இடத்தில்தான் வைக்க வேண்டும். ஆக, எரித்தாலும் சாம்பலுக்கு ஓர் இடம் வேண்டும். அதைக் குடும்பக் கல்லறையிலேயே வைக்க முடியுமா என்று பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறபோது பேசி வைத்தால் நல்லது. சாவு வீட்டில் பேசினால் சண்டைதான்.

ஹெப்பால்காரன்:
அம்மாவுக்கு மின் மயானம்தான். வேலை சீக்கிரம் முடிந்தது, சாம்பலும் தாமதமில்லாமல் கைக்கு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் பச்சிமவாகினியில் கரைத்தோம். காவிரி மேற்கே திரும்பி ஓடும் இடம், நம்மவர்கள் நிறையப் பேர் அங்கேதான் போகிறார்கள்.

இரண்டு விஷயம். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லி எடுக்க வேண்டும், எரியும்போது உள்ளே வெடிக்கலாம். அம்மாவுக்கு இருந்ததை மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை, தங்கைக்குத்தான் ஞாபகம் வந்தது. இன்னொன்று பேப்பர். இறப்புக்கான காரணத்தை டாக்டர் எழுதித் தருகிற சான்று வேண்டும்: ஆஸ்பத்திரியில் உயிர் போனால் படிவம் 4, வீட்டில் போனால் பார்த்த டாக்டரிடம் படிவம் 4ஏ. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரைக்கும் போக வேண்டும். பதியும்போது பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயரைப் போட்டுவிட்டு, பிறகு பேங்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அல்சூர்வாசி:
அக்கா, அந்த ரசீது மாதிரி பாட்டிக்கு எங்களிடம் எதுவும் இல்லை. பெரியப்பா பெயரில் கிடைத்த ரசீதைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். அதற்கு லேமினேஷன் போடுவதைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறாராம்.