லாக் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட்: பட்டவர்கள் சொல்லுங்கள்

சுருள்காரன்:
எல்லாரும் வைத்திருக்கிற அதே படுக்கை வகை விறகு பிளக்கும் மெஷின்தான். 2200 வாட், சிங்கிள் பேஸ். விறகு கிடக்கும் இடம் பிளக்கிலிருந்து தள்ளி என்பதால் 30 மீட்டர் சுருள் எக்ஸ்டென்ஷன் போட்டேன். தேவைப்பட்டது இருபது மீட்டர் போலத்தான், மீதி சுருளிலேயே கிடந்தது. சில நாள் நன்றாக ஓடியது. அப்புறம் முடிச்சுக் கட்டை வந்தாலே மோட்டார் முனக ஆரம்பித்தது. நான் கட்டையைத்தான் திட்டினேன். சரியாகக் காயவில்லை என்றேன், ஆப்பு மழுங்கிவிட்டது என்று அரம் போட்டுத் தீட்டக்கூடச் செய்தேன்.

ஒரு நாள் சுருளைத் தள்ளி வைக்கலாம் என்று கை வைத்தேன். வெளிச்சுற்று வெதுவெதுப்பாக இருந்தது. இடுக்கில் விரலை விட்டால் உள்சுற்று சுட்டது, அமுக்கிய இடத்தில் விரல் பதிந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை அன்றைக்குத்தான் படித்தேன்: சுருட்டியிருந்தால் 1000 வாட், முழுக்க விரித்தால் 3000. இரண்டு வாரமாக மெஷின் முனகியது இதைச் சொல்லத்தான், எனக்குத்தான் விளங்கவில்லை. இப்படி யாருக்காவது ஆனதா?

காலைக்குளிர்:
எனக்கு வயர் பிரச்சினை இல்லை, எம்சிபிதான், கரண்ட் அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் டப்பென்று விழும். தூக்கிவிட்டு அழுத்தினால் மறுபடி டப். மூன்றாவது தடவை ஓடும், அப்புறம் நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. குளிரில் ஹைட்ராலிக் ஆயில் கெட்டியாகிக் கிடக்கும், பம்பைச் சுற்ற மோட்டார் திணறும், அதுதான் விஷயம். இருந்தது பி-16, அதாவது பி டைப், 16 ஆம்பியர். எலக்ட்ரீஷியன் சி-16 மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை பட்டனில் கட்டைவிரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டப் வரவில்லை. வராதது நம்ப முடியாமல் நிறுத்தி, இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன்! இப்போதும் முதல் நான்கைந்து தடவை கட்டை வைக்காமல் வெறுமனே ஓட்டி ஆயிலைச் சூடாக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறேன்.

ஓம்விதி:
மேலே இருப்பதை அப்படியே யாரும் செய்துவிட வேண்டாம். அவர் அனுபவத்தைத்தான் சொன்னேன் என்பார், படிப்பவர் கடைக்குப் போய் சி டைப் கேட்பார். என் கதை சின்னது: அடிக்கடி விழுகிறதே என்று 16-ஐக் கழற்றிவிட்டு 32 போட்டேன். எம்சிபி விழவில்லை, சாக்கெட் உருகியது. அவ்வளவுதான்.

இப்போது கணக்கு. 2200 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்போது இழுப்பது ஏறத்தாழ 10 ஆம்பியர். ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு கணம் அதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு, அதாவது 50 முதல் 70. பி டைப் எம்சிபி தன் ஆம்பியரைப் போல மூன்று முதல் ஐந்து மடங்குக்குள் உடனே விழும், பி-16க்கு அது 48 முதல் 80. அதனால்தான் காலையில் மட்டும் விழுந்தது. சி டைப் ஐந்து முதல் பத்து மடங்கு, சி-16க்கு 80 முதல் 160. மோட்டாருக்கு அது சௌகரியம். ஆனால் நீளமான, மெல்லிய வயரின் கோடியில் ஷார்ட் ஆனால் 160 ஆம்பியர் ஓட வழி இருக்கிறதா? இல்லையென்றால் எம்சிபி உடனே விழாமல் வயர் சூடாகிக்கொண்டிருக்கும். அதை மீட்டர் வைத்து அளந்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

வயருக்கு வருகிறேன். 30 மீட்டர் என்றால் போக வர 60. 1.5 ஸ்கொயர் எம்எம் கனமுள்ள செம்பு வயரில் அது சுமார் 0.73 ஓம். ஓடும்போது 7 வோல்ட்தான் குறையும், தெரியவே தெரியாது. ஸ்டார்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும்போது 36 வோல்ட் போய்விடும், மோட்டாருக்குக் கிடைப்பது 194. மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே கையில் இருப்பது 70 சதவீதம் சொச்சம். அதே நீளத்துக்கு 2.5 போட்டால் குறைவது 22 வோல்ட்தான். முடிச்சுக் கட்டையில் திணறி அதிகக் கரண்ட் இழுக்கும்போதும் இதே கதைதான். சுருள்காரரே, முனகியது கட்டையும் இல்லை, ஆப்பும் இல்லை. முனகிக்கொண்டே நிற்கும் சிங்கிள் பேஸ் மோட்டாரில் ஸ்டார்ட்டிங் வைண்டிங் கழலாமல் கரண்ட் குடித்துக்கொண்டிருக்கும், முதலில் போவது கெப்பாசிட்டர். இரண்டு மூன்று விநாடியில் வேகம் பிடிக்கவில்லையா, பட்டனை விட்டுவிடுங்கள். வெளியில் ஓட்டுவதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச், கட்டாயம் வேண்டும். அதே லைனில் வேறு எதையும் சொருகாதீர்கள்.

காலைக்குளிர்:
சார், நான் 32 போடச் சொல்லவில்லையே. 16 அப்படியே 16தான், எழுத்து மட்டும் மாறியது. அளந்துவிட்டுத்தான் மாற்றினார். அதை எழுத விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

தோட்டத்து ஆள்:
உங்கள் சண்டைக்கு நடுவே என் ஜெனரேட்டர் கதை. 3 கேவிஏ, மோட்டார் 2200 வாட், தாராளம் என்று நினைத்தேன். காலியாக ஸ்டார்ட் ஆனது, கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான். பெரிய கட்டை ஒன்றை வைத்தேன். ஆப்பு பாதி இறங்கியது. ஜெனரேட்டர் சத்தம் 'ஊ...' என்று அடிக்குரலுக்கு இறங்கி, கறுப்புப் புகை ஒரு உருண்டை கக்கி, நின்றேவிட்டது. ஒரே நிசப்தம். கட்டையில் ஆப்பு கடித்துக்கொண்டு நிற்கிறது, பின்னுக்கு இழுக்கக் கரண்ட் இல்லை. கட்டையைச் சுத்தியலால் தட்டித் தட்டி விடுவிக்க அரை மணி. ஓடும் வாட்டைப் போல மூன்று மடங்காவது ஜெனரேட்டர் இருக்க வேண்டும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். ஓடும் கணக்கைப் பார்த்து வாங்கினேன், ஸ்டார்ட்டிங் கணக்கைப் பார்க்கவில்லை.

மூணு பேஸ்:
த்ரீ பேஸ் வாங்கினால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் நேர்மையாக என் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் கிண்ணென்று ஓடுகிறது, கட்டையைத் தள்ளும் தண்டு, அந்த ராம், அசையவே இல்லை. ஆயில் குறைவு என்று ஊற்றினேன். காற்று அடைத்திருக்கிறது என்று மூடியைத் திறந்து விட்டேன். லீவரை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன் வந்து குனிந்து விசிறியைப் பார்த்தார், மேலே ஒட்டியிருந்த அம்புக்குறியைப் பார்த்தார், பிளக்கில் இரண்டு வயரை இடம் மாற்றினார். ஐந்து நிமிடம். பேஸ் மாறி பம்ப் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது. அப்படி ஓட்டியே பம்பைக் காலி செய்திருப்பேன் என்றார். அம்புக்குறி என் கண்ணுக்கு நேரேதான் இருந்தது.

சுருள்காரன்:
ஓம்விதி சாருக்கு நன்றி, கொஞ்சம் காரம் என்றாலும். 2.5-ல் 15 மீட்டர் வாங்கி, முழுக்க விரித்துப் போட்டேன். முனகல் போயிற்று. மீதித் தூரத்துக்கு மெஷினிடம் கட்டையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறேன், இப்போது முனகுவது என் முதுகு.

பழைய சுருளை நேற்று பிரித்தேன். வெளிச்சுற்றுகள் எளிதாக வந்தன. உள்ளே நான்கு சுற்று ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. பிடித்து இழுத்தால் பிரக்கென்று தோல் உரிந்து, செம்பு பளபளவென்று எட்டிப் பார்த்தது.